பிளிம்சால் போட்ட கோடு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். எஞ்சினியருக்கு எஸ்டிமேட் எழுதத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியுமா? பிறகு போன வருஷம் நடந்த ஒரு சின்ன சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம் கல்லூரி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இண்டஸ்ட்ரியல் விசிட்டாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார்கள். அங்கே கிரேன் பராமரிப்பு வேலையில் இருக்கும் பழைய மாணவன் என்ற முறையில் சுற்றிக்காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலின் பக்கவாட்டில், சரியாக நடுப்பகுதியில், ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருந்தன. பக்கத்தில் ஏணிப்படி மாதிரி இன்னும் சில கோடுகள். அது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சங்கதி ஆச்சே, விளக்க ஆரம்பித்தேன்.

அதுதான் லோடு லைன், அதாவது சுமைக்கோடு. வட்டத்தின் வெளி விட்டம் 300 மில்லிமீட்டர். குறுக்குக் கோட்டின் நீளம் 450 மில்லிமீட்டர். சரக்கு ஏற்ற ஏற்றக் கப்பல் தண்ணீரில் இறங்கும். கோடைக்கால அளவில் ஏற்றினால், கடலில் தண்ணீர் மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பக்கத்துக் கோடுகளில் எஸ் என்றால் கோடைக்காலக் கடல், டபிள்யூ குளிர்காலம், டி வெப்பமண்டலக் கடல், எஃப் நன்னீர். நன்னீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோ, கடல்நீர் 1025 கிலோ. ஆற்றுத் துறைமுகத்தில் எஃப் கோடு வரை மூழ்கிய கப்பல் கடலுக்கு வந்ததும் எஸ் கோட்டுக்கு எழும்பிவிடும். எல்லாம் ஆர்க்கிமிடீஸ்தான். தண்ணீருக்கு மேலே எவ்வளவு உடல் மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் கப்பலின் கையிருப்பு மிதப்பு. பெரிய அலை வந்து மேல்தளத்தில் ஏறினால் கப்பலைத் திரும்பத் தூக்குவது அந்தக் கையிருப்புதான். இப்படி வெளுத்து வாங்கினேன்.

எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதாமல், சரக்கு குறைந்தால் கப்பல்காரனுக்கு வருமானம் குறையுமே, இந்தக் கோட்டுக்கு அவன் எப்படி சம்மதித்தான் சார் என்று கேட்டாள். சர்வதேச விதிம்மா என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அளவு தெரிகிறது, ஃபார்முலா தெரிகிறது, அந்தக் கோடு யாரால் வந்தது என்று தெரியவில்லை. அப்புறம்தான் சாமுவேல் பிளிம்சாலைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த மாணவிக்கு நான் தரவேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

பிளிம்சால் கடலோடி இல்லை, கப்பல் எஞ்சினியரும் இல்லை. 1824 பிப்ரவரி 10 அன்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தவர். ஷெஃபீல்டில் ஒரு பீர் ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜர் வரை உயர்ந்தார். அதோடு நின்றிருந்தால் நிம்மதியான வாழ்க்கை. 1853-இல் சொந்தமாக நிலக்கரி வியாபாரம் செய்கிறேன் என்று லண்டனுக்குக் கிளம்பினார். வியாபாரம் படுத்தது. கையில் இருந்ததெல்லாம் போய், கூலிக்காரர்கள் தங்கும் மலிவு விடுதியில் தங்கி, சில்லறை எண்ணிச் சாப்பிடும் நிலைக்கு வந்தார். ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள், ஒருத்தருக்கொருத்தர் எப்படி உதவிக்கொள்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த விடுதி வாழ்க்கைதான்.

பிறகு எழுந்தார். ரயில் வேகனிலிருந்து நிலக்கரியை நொறுங்காமல் இறக்குவதற்கு வழி கண்டுபிடித்தார். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துப் பக்கம் அவர் பெயரிலேயே நிலக்கரி இறக்கும் மேடைகள் இருந்தன. பணம் வந்தது. 1865-இல் டெர்பி தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்று தோற்றார். 1868-இல் அதே தொகுதியில் ஜெயித்துக் காமன்ஸ் சபைக்குள் போனார்.

அந்தக் காலத்துக் கப்பல் நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓட்டை உடைசல் கப்பலை வாங்கி, வர்ணம் அடித்து, புதுப் பெயர் வைத்து, மதிப்புக்கு மேல் இன்ஷூர் செய்து, மேல்தளம் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பினார்கள். கரை சேர்ந்தால் இரட்டை லாபம். மூழ்கினால் இன்ஷூரன்ஸ் பணம். எப்படிப் பார்த்தாலும் முதலாளிக்கு நஷ்டம் இல்லை, போவது மாலுமியின் உயிர். மக்கள் இவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தார்கள். இதைவிடக் கொடுமை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாலுமி, துறைமுகத்துக்கு வந்து கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் அவனுக்குச் சிறை. ஏறினால் கடல், ஏறாவிட்டால் ஜெயில்!

எல்லா முதலாளிகளும் இப்படி என்று சொல்லக் கூடாது. கப்பல்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்கவேண்டும், சுமைக்கு ஒரு எல்லை வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவரே ஒரு கப்பல் முதலாளிதான். நியூகாசில் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால். பிளிம்சால் அவரிடமிருந்துதான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டார். யோசனை இன்னொருவருடையது. அதைச் சட்டம் ஆக்கும்வரை விடாமல் சுமந்தது பிளிம்சால்.

சுமந்தது என்று சும்மா சொல்லவில்லை. மந்திரியாக இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் அந்தச் சபையில் சட்டம் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். முதலில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். இன்ன தேதியில் இன்ன தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், இன்ன மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிப்பு. அது சபையின் அலுவல் பட்டியலில் ஏறும். முக்கியமான நாட்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். தனி உறுப்பினர்களின் மசோதாக்களுக்குக் கிடைப்பது புதன்கிழமை. அதிலும் யாருக்கு முதல் இடம் என்பது சீட்டுக் குலுக்கலில்தான். புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபை கலைந்துவிடும். மசோதா பிடிக்காதவர்கள் அதை எதிர்த்து ஜெயிக்கவே வேண்டாம், நேரம் முடியும் வரை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தால் போதும். அப்படியே தப்பித்தாலும் மூன்று வாசிப்பு, நடுவில் குழு ஆய்வு, அதன் பிறகு பிரபுக்கள் சபை. கூட்டத்தொடர் முடிவதற்குள் எல்லாம் ஆகாவிட்டால் மசோதா செத்தது. அடுத்த வருஷம் மறுபடியும் ஆனா ஆவன்னாவிலிருந்து.

நம் நாட்டுக் கதையும் ரொம்ப வித்தியாசம் இல்லை. மக்களவையில் தனி உறுப்பினர் அலுவலுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனி உறுப்பினர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். தமிழ்நாட்டு உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு அரசாங்கமே அதே விஷயத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தது, 2019-இல் சட்டமும் ஆனது. பிளிம்சால் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

1870-இல் தீர்மானம் கொண்டுவந்தார். பலன் இல்லை. 1871-இல் மசோதா கொண்டுவந்தார், அதைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. சபைக்குள் கப்பல் முதலாளிகள் பலரே உறுப்பினர்கள், எப்படி நகரும்? சரி, உள்ளே கேட்கமாட்டார்கள், வெளியே சொல்வோம் என்று 1873-இல் நம் மாலுமிகள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடே பரபரத்தது. அந்த வருஷமே அரசாங்கம் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. அவர் பெயரில் ஒரு பாய்மரக் கப்பல்கூட அந்த வருஷம் கட்டப்பட்டது.

ஆனால் அந்தப் புத்தகத்தில் தவறுகளும் இருந்தன. சரிபார்க்காத தகவல்களைச் சில இடங்களில் எழுதிவிட்டார். கப்பல் முதலாளியான ஒரு உறுப்பினர் அவதூறு வழக்கே போட்டார். நல்ல காரியத்துக்காகச் சொல்கிறோம் என்பதால் தப்பான கணக்கு சரியாகிவிடாது. எதிராளிக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு இல்லை. ரிப்போர்ட் எழுதுகிற நாம் எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கமிஷனும் கைகொடுக்கவில்லை. சட்டம் போட்டுச் சுமைக்கோடு வரைவதை அது பரிந்துரைக்க மறுத்துவிட்டது. 1874 ஜூன் மாதம் பிளிம்சாலின் மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 170, எதிர்ப்பு 173. மூன்றே மூன்று ஓட்டு! மூன்று பேர் அன்று மனசு மாறியிருந்தால் கதையே வேறு. அடுத்த குளிர்காலத்தில் கடலுக்குப் போன மாலுமிகளுக்கு அந்த மூன்று ஓட்டின் விலை தெரிந்திருக்கும்.

அந்தத் தோல்வி வீண் போகவில்லை. இவ்வளவு நெருங்கி வந்துவிட்டதே என்று 1875-இல் பிரதமர் டிஸ்ரேலியின் கன்சர்வேடிவ் அரசாங்கமே ஒரு வணிகக் கப்பல் மசோதாவைக் கொண்டுவந்தது. பிளிம்சாலுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் ஏதோ ஒன்று வருகிறதே என்று காத்திருந்தார்.

ஜூலை 22 வந்தது. கூட்டத்தொடர் முடியும் நேரம். எல்லா மசோதாவுக்கும் நேரம் இல்லை. விவசாய நிலக் குத்தகை பற்றிய மசோதாவை முடிக்கவேண்டும், ஆகவே கப்பல் மசோதாவை இந்த வருஷம் கைவிடுகிறோம் என்று டிஸ்ரேலி அறிவித்தார். பட்டியலிலிருந்து ஒரு வரியை அடித்துவிடுவது மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

பிளிம்சால் எழுந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. இன்னொரு குளிர்காலம் இதே கப்பல்களில் ஆட்கள் போகப்போகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் மனதில் இல்லை. இதில் நான் கவனித்த ஒரு விஷயம்: அந்த ஆத்திரத்திலும் அவர் செய்தது ஒரு நோட்டீஸ் கொடுத்ததுதான். வரும் செவ்வாய்க்கிழமை வர்த்தகத் துறை மந்திரியிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன் என்று அறிவித்து, காணாமல் போன கப்பல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றின் முதலாளி இதே சபையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரா, அல்லது அதே பெயருள்ள வேறு ஆளா என்று கேட்கப்போவதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு கட்டுப்பாடு போய்விட்டது. மாலுமிகளைச் சாக அனுப்புகிறவர்களை வில்லன்கள் என்றார். சபாநாயகர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார். முடியாது என்று மறுத்து, முஷ்டியை ஆட்டிவிட்டு வெளியேறினார். அன்றைக்கென்று ஒரு கண்டன அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதன் பிரதிகள் பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி எலைசா.

டிஸ்ரேலி அவரைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். லிபரல் தலைவர் ஹார்ட்டிங்டன் சொன்னதன் பேரில் அது ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் ஊரெல்லாம் கூட்டம், மனு, பத்திரிகைகளில் தலையங்கம். ஜூலை 29 அன்று பிளிம்சால் சபைக்கு வந்து, பேசிய விதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நேரமே இல்லை என்று சொன்ன அதே அரசாங்கத்துக்கு இப்போது நேரம் கிடைத்துவிட்டது. பாதுகாப்பில்லாத கப்பல்களை நிறுத்திவைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தரும் தற்காலிகச் சட்டம் ஆகஸ்டிலேயே நிறைவேறியது. மறு வருஷம், 1876-இல், நிரந்தரச் சட்டம் வந்தது. 12 அங்குல விட்டத்தில் வட்டம், அதன் நடுவே 18 அங்குல நீளத்தில் கோடு என்று அதில் எழுதினார்கள். மில்லிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட மேலே நான் சொன்ன 300-ம் 450-ம்தான்.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டுவிடலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கோடு கட்டாயம்தான். அதை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! புகைபோக்கியின் மேலே கோடு போட்ட ஒரு கேப்டன் பற்றிக் கதை சொல்வார்கள். எவனுக்கு லாபமோ அவனே எல்லையைக் குறித்துக்கொள்வதென்றால் அது எல்லையா?

அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 14 வருஷம் ஆனது. கப்பலின் நீளம், ஆழம், வடிவம் எல்லாவற்றையும் வைத்து எவ்வளவு உயரம் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு, லாயிட்ஸ் ரிஜிஸ்டர் நிறுவனம் 1882-இல் அட்டவணை வெளியிட்டது. அதன் தலைமை சர்வேயர் பெஞ்சமின் மார்ட்டெல் இதில் முக்கியமானவர். நம் தொழில்காரர்கள் கணக்கைச் செய்து கொடுத்த பிறகுதான், கோட்டின் இடத்தைச் சட்டமே நிர்ணயிக்கும் நிலை 1890-இல் வந்தது. சபையில் சத்தம் போட ஒருவர் வேண்டும், மேஜையில் உட்கார்ந்து அட்டவணை போட ஒருவர் வேண்டும். ஒன்று இல்லாமல் இன்னொன்று நடந்திருக்காது.

அந்த 1890-இல் பிளிம்சால் சபையிலேயே இல்லை. 1880 தேர்தலில் டெர்பியில் பெரிய வெற்றி பெற்றார். அதே சமயம் அவர் கட்சியின் புது உள்துறை மந்திரி ஹார்கோர்ட், பதவி ஏற்றபின் அன்றைய வழக்கப்படி மறுபடி தேர்தலில் நின்று ஆக்ஸ்ஃபோர்டில் தோற்றுவிட்டார். சாதாரண உறுப்பினரான என்னைவிட ஒரு மந்திரி மாலுமிகளுக்கு அதிகம் செய்யமுடியும் என்று நினைத்து, தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார் பிளிம்சால். நினைத்தது நடக்கவில்லை. கட்சி தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. வேறு தொகுதிகளில் முயன்றும் திரும்பச் சபைக்குள் போகமுடியவில்லை. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. மாலுமிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். மாடுகளை ஏற்றிவரும் கப்பல்களின் கொடுமை பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார். 1898 ஜூன் 3 அன்று ஃபோக்ஸ்டோன் என்ற கடற்கரை ஊரில் காலமானார்.

1906-இல் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் இந்த விதியைக் கொண்டுவந்தார்கள். 1930-இல் பல நாடுகள் சேர்ந்து சர்வதேச ஒப்பந்தம் செய்தன. 1966-இல் அதற்குப் பதிலாகப் புது ஒப்பந்தம் வந்தது. அதன்படிதான் சென்னைக்கு வரும் கப்பல்களின் பக்கத்தில் அந்த வட்டம் இருக்கிறது. பி.டி. வகுப்புக்கு நாம் போட்டுக்கொண்டு போன கான்வாஸ் ஷூவுக்கும் இங்கிலாந்தில் பிளிம்சால் என்றே பெயர் வந்துவிட்டது. ரப்பர் அடிப்பாகமும் துணியும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும் அல்லவா, அதனாலாம்!

இவ்வளவும் படித்தபோது எனக்குப் பெருமையைவிட உறுத்தல்தான் அதிகம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்த தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், ஒரு 10 டன் கிரேன் இருந்தது. அதன் மேலேயே பெரிய எழுத்தில் 10 டன் என்று எழுதியிருக்கும். அவசரத்துக்கு அதில் 12, 13 டன் தூக்குவார்கள். வாரக் கூட்டத்தில் ஒரு தடவை அதைப் பற்றிக் கேட்டேன். நேரம் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று குறிப்பில் எழுதினார்கள். அடுத்த வாரப் பட்டியலில் அந்த விஷயம் இல்லை. புது ஆள், வேலை போய்விடுமோ என்ற பயம். நானும் மறுபடி கேட்கவில்லை. நான் அங்கிருந்து விலகிய பிறகு ஒருநாள் வயர் ரோப் அறுந்தது. ஒரு ஹெல்ப்பருக்கு ஒரு கால் போயிற்று. நான் கேட்டிருந்தால் தடுத்திருக்கலாமா என்பது தெரியாது. ஆனால் ஒரு தடவைதான் கேட்டேன் என்பது தெரியும். 1870, 71, 73, 74, 75 என்று ஒரு மனுஷன் வருஷா வருஷம் அதே விஷயத்துக்கு நோட்டீஸ் கொடுத்ததைப் படிக்கும்போது, என்னுடைய அந்த ஒரே ஒரு தடவை ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, வேலைக்குப் போனதும் உங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் வரும். நீங்கள் சொல்லும் விஷயத்துக்கு நேரம் இல்லை என்பார்கள். கோபப்பட்டுக் கத்தினாலும் தப்பில்லை, பிளிம்சாலும் கத்தினார். ஆனால் கத்துவதற்கு முன்னால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கான பட்டியலில் அதே விஷயத்தை மறுபடியும் எழுதிக் கொடுங்கள். அதற்கடுத்த கூட்டத்திலும்.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு: கப்பல்காரன் சம்மதிக்கவில்லையம்மா. சம்மதிக்க வைத்தார்கள். முதல் தீர்மானத்திலிருந்து 1890 சட்டம் வரை 20 வருஷம் ஆயிற்று.